ஃபங்ஷன் பெயரில் எந்தெந்தக் குறிகளை அனுமதிக்கலாம்?

சொந்தமாக ஒரு மார்க்கப் மொழி (உரைக்குள்ளேயே குறிகள் போட்டு வடிவமைக்கும் மொழி) எழுதுகிறவர்கள் தலைப்புக்கு என்ன குறி, பட்டியலுக்கு என்ன குறி என்று நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஃபங்ஷன் பெயரில் எந்த எழுத்தெல்லாம் வரலாம் என்பதை மட்டும் ஒரே வரி ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்து வடிவங்களைத் தேடும் சூத்திரம்) முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

கடிதங்களைத் தானாகத் தயாரிக்க ஒரு சின்ன மார்க்கப் செய்திருந்தோம். @ போட்டு ஒரு ஃபங்ஷனின் பெயரை எழுதினால் அந்த இடத்தில் அது தரும் மதிப்பு வந்து உட்காரும். கடிதம்.தேதி, ரசீது.தேதி என்று பிரித்துக்கொள்ள வசதியாக இருக்குமே என்று பெயருக்குள் டாட்டை அனுமதித்தேன். யாரோ "கடைசி நாள் @தேதி." என்று வாக்கியத்தை முடித்தார்கள். உரையைப் படித்துப் பிரிக்கும் பார்சர் அந்த முற்றுப்புள்ளியையும் சேர்த்து விழுங்கிவிட்டு, 'தேதி.' என்று ஒரு ஃபங்ஷனே இல்லை என்றது. எழுதியவர் மேல் தப்பே இல்லை, வாக்கியத்தை எப்படி முடிக்க வேண்டுமோ அப்படித்தான் முடித்திருக்கிறார்.

புரோகிராமிங் மொழியில் பெயருக்குப் பக்கத்தில் வருவது நாம் வகுத்த குறிகள். மார்க்கப்பில் பக்கத்தில் வருவது சாதாரண உரைநடை, அது நம் பேச்சைக் கேட்காது. ஆகவே எந்தக் குறியை அனுமதிக்கும் முன்பும், வாக்கியத்தில் இது பெயரை ஒட்டி வருமா என்று பாருங்கள். டாட், கமா, கோலன் மூன்றுமே வரும். ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் என்ற மார்க்கப் மொழி டாட், கோலன், ஹைஃபன், அடிக்கோடு போன்றவற்றைப் பெயரின் நடுவில் மட்டும் விடுகிறது, அதுவும் இரண்டு குறிகள் அடுத்தடுத்து வரக்கூடாது. டெக் என்ற அச்சுக்கோப்பு மொழி இன்னும் கறார்: சொல்லாக வரும் கட்டளைப் பெயரில் எழுத்துகள் மட்டும்தான், எண் வந்தாலே பெயர் முடிந்தது.

சரி, நடுவில் மட்டும் விடலாம் என்றால் தமிழில் அதுவும் கைகொடுக்காது. நாம் "12-க்குள்" என்று எழுதுகிற பழக்கத்தில் "@தேதி-க்குள்" என்று எழுதினால், ஹைஃபன் சரியாக நடுவில்தான் நிற்கிறது, பார்சர் 'தேதி-க்குள்' என்ற ஃபங்ஷனைத் தேடப் போய்விடும். ஹைஃபனை எடுத்துவிட்டு "@தொகைக்கு" என்று எழுதினாலும் அதே கதைதான், வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. இடைவெளி வந்தால் பெயர் முடிந்தது என்ற எண்ணம், உருபுகளைக்கூடத் தனிச்சொல்லாக இடைவெளி விட்டு எழுதும் மொழிகளை வைத்துப் பழகியது. பெயரை முடிக்க வெளிப்படையான ஒரு வழி முதல் நாளிலிருந்தே வேண்டும். நாங்கள் "@தொகை{}க்கு" என்று வெற்று அடைப்புக்குறி வைத்தோம், டெக் பயனர்களுக்கு ஏற்கெனவே பழக்கமான வழிதான்.

அப்புறம், "எழுத்து" என்றால் என்ன? பைத்தானில் ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கான ரீ மாட்யூலில், எழுத்தைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ (\w) போட்டால் தமிழும் வரும் என்று நம்பிவிடாதீர்கள். உயிர்மெய்க் குறிகளையும் மெய்ப்புள்ளியையும் அது எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. 'தேதி' என்ற பெயரில் 'த' மட்டும்தான் மாட்டும், 'தமிழ்' என்பது 'தம', 'ழ' என்று இரண்டாக உடையும். ஜாவாஸ்கிரிப்டில் அதே குறிக்குத் தமிழே தெரியாது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியெண் தரும் யூனிகோடின் 31-ஆம் இணைப்பு, பெயரின் தொடக்கத்தில் எது வரலாம், தொடர்ச்சியில் எது வரலாம் என்று பிரித்தே கொடுத்திருக்கிறது, உயிர்மெய்க் குறிகளும் மெய்ப்புள்ளியும் தொடர்ச்சியில் உண்டு. அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், நீங்களாகப் பட்டியல் போட வேண்டாம்.

'கொ' என்பதை இரண்டு குறியெண்களாலும் எழுதலாம், மூன்றாலும் எழுதலாம். பெயர்களை ஒப்பிடும் முன், ஒரே எழுத்தை ஒரே குறியெண் வரிசைக்குக் கொண்டுவரும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். 'கௌரவம்' தீராது. பலர் அதை 'ள' போட்டு 'கெளரவம்' என்று தட்டுவார்கள், திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், உள்ளே வேறு வேறு. "இந்தப் பெயர் இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்காமல், கிட்டத்தட்ட இதே வடிவில் இருக்கும் பெயரையும் பிழைச்செய்தியில் காட்டுங்கள். பாவம், இல்லையென்றால் எழுதியவர் தன் கண்ணை நம்பி மணிக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பார்.

சந்தேகம் வந்தால் இப்போதைக்கு மறுத்துவிடுங்கள். 1998-இல் வந்த எக்ஸ்எம்எல் என்ற மார்க்கப் மொழி, பெயருக்கான எழுத்துகளை யூனிகோட் 2.0-வோடு கட்டிவைத்தது. 2008-இல் ஐந்தாம் பதிப்பில் அதைத் தளர்த்தியபோது பழைய கோப்புகள் எதுவும் செல்லாமல் போகவில்லை. நான் டாட்டைத் திரும்ப எடுத்தபோது அப்படி இல்லை, கடிதம்.தேதி என்று எழுதியிருந்த ஒவ்வொரு வார்ப்புருவையும் திறந்து திருத்த வேண்டியிருந்தது.