தலைப்புப் பக்கத்தை மட்டும் நம்பாதீர்கள்

பழைய அச்சு நூல்களைப் பட்டியலிடுவது என் வேலை. ஆய்வு மாணவர்கள் பலர் ஸ்கேன் பிரதியின் முதல் பக்கத்தைப் பார்த்து ஊர், அச்சகம், ஆண்டு என்று அப்படியே குறித்துக்கொள்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் மத நூல்களில் இது பெரிய ஆபத்து. அங்கே அச்சிட்டவரின் தலையே போகலாம். அதனால் சிலர் ஊரையும் பெயரையும் பொய்யாகப் போட்டார்கள். இன்றைய பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் பைபிள் அச்சிட்ட யாக்கோப் வான் லீஸ்வெல்ட்டுக்கு 1545-இல் அதுதான் நடந்தது.

பைபிளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேலின் 1528-ஆம் ஆண்டு நூல் ஒன்றில் 'மார்பர்க், ஹான்ஸ் லுஃப்ட்' என்று இருக்கும். லுஃப்ட் நிஜமான ஆள்தான், மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் ஜெர்மன் பைபிளை அச்சிட்டவர். ஆனால் அவர் தொழில் நடத்திய ஊர் விட்டன்பெர்க். டிண்டேலின் நூலோ அச்சானது ஆண்ட்வெர்ப்பில். இதைக் காட்டிக்கொடுத்தவை அச்செழுத்துகள். பெயரை மாற்றுவது சுலபம். காசு போட்டு வாங்கிய எழுத்துகளை ஒரே ஒரு நூலுக்காக யார் மாற்றுவார்கள்? எழுத்தின் அளவு, தேய்மானம், அலங்கார முதலெழுத்து, காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி எல்லாமே சாட்சிகள். மங்கலான கறுப்பு வெள்ளை ஸ்கேனில் இவை பெரும்பாலும் அழிந்துவிடும். அதனால் ஸ்கேன் முடிந்தது என்று மூலப் பிரதியைக் கழித்துவிடாதீர்கள். பட்டியலில் 'நூலில் உள்ளபடி' ஒரு ஊர், 'உண்மையில்' ஒரு ஊர் என இரண்டையும் எழுதுங்கள்.

1553-இல் ஜெனிவாவில் மிகுவேல் செர்வெட் என்ற ஸ்பானிய மருத்துவர் தன் மதக் கருத்துகளுக்காக எரிக்கப்பட்டார். மதக் கருத்துக்காக ஆளைக் கொல்லலாமா என்று கேட்டு அடுத்த ஆண்டே ஒரு நூல் வந்தது. ஆசிரியர் மார்ட்டினுஸ் பெல்லியுஸ், ஊர் மாக்டெபர்க் என்று போட்டிருந்தது. உண்மையில் எழுதித் தொகுத்தவர் செபாஸ்டியன் காஸ்டெல்லியோ என்ற அறிஞர். அச்சான இடம் சுவிட்சர்லாந்தின் பாசல்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பவர் ஆண்ட்வெர்ப் அச்சகக்காரர் கிறிஸ்டோஃப் பிளாண்டின். ஸ்பெயின் அரசர் இரண்டாம் ஃபிலிப்பின் ஆதரவில் 8 தொகுதிகளில் பன்மொழி பைபிள் அச்சிட்டவர். கத்தோலிக்கர்கள் படிக்கக் கூடாது என்று தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலையே 1570-இல் அச்சிட்டவர். அதே மனிதர், ஹென்ட்ரிக் நிக்லாஸ் தொடங்கிய 'அன்பின் குடும்பம்' என்ற ரகசியக் குழுவோடும் நெருக்கமாக இருந்தார். வெளியே எந்தச் சபையிலும் இருக்கலாம், உள்ளே நம்பிக்கை வேறு என்பது அவர்கள் வழி. இங்கே தலைப்புப் பக்கம் பொய் சொல்லவில்லை. இருந்தும் ஆளின் மனம் அதில் இல்லை. அவர் கணக்கேடுகளும் கடிதங்களும் ஆண்ட்வெர்ப்பில் அவருடைய அச்சகமே அருங்காட்சியகமாகியிருக்கும் இடத்தில் இருக்கின்றன. 1876-இல் நகராட்சி வாங்கும்வரை அவர் வழிவந்த குடும்பத்தார் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். பிளாண்டினைப் பற்றி எழுதப்போகிறவர்கள் அங்கிருந்து தொடங்குங்கள்.