கிக்ஆஃப் ஓடும் பிள்ளைகளின் கழுத்து

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை எங்கள் அணியின் செவ்வாய்க்கிழமைப் பயிற்சி ஒரே மாதிரிதான் முடியும். இரண்டு மணி நேரம் ஓடி முட்டி மோதிக் களைத்த பிறகு, உதவிப் பயிற்சியாளர் ஒருவர் விசில் ஊதி, கிக்ஆஃப் (பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கட்டம்) ஓட வேண்டியவர்களை அழைப்பார். கடைசிப் பத்து நிமிடம் அது. தலைமைப் பயிற்சியாளர் அதற்குள் தன் அறைக்குப் போயிருப்பார். அதுவரை கணுக்கால்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டும் தண்ணீர் கொடுத்துக்கொண்டும் இருக்கும் எனக்கு, அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஐஸ் பெட்டி காலியாகும்.

நான் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக் கால்பந்து அணியின் பிசியோதெரபிஸ்ட். கையில் பந்தை ஏந்தி மோதி முன்னேறும் அமெரிக்கக் கால்பந்தைச் சொல்கிறேன். இங்கே வளரும் நம் பிள்ளைகளும் பள்ளி அணிகளில் சேர்கிறார்கள். பெற்றோர்கள் என்னிடம், "இவன் தாக்கும் அணிக்குச் சரிப்படுவானா, தடுக்கும் அணிக்கா?" என்று கேட்பார்கள். மூன்றாவதாக ஓர் அணி இருப்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியாது. பந்தை உதைக்கும் நேரங்களில் மட்டும் களமிறங்கும் அந்த அணிக்கு ஸ்பெஷல் டீம்ஸ் என்று பெயர். புதிதாகச் சேரும் பையனுக்கு முதலில் இடம் கிடைப்பதும் அங்கேதான்.

அவனை அங்கே என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். கிக்ஆஃபில் ஒருவர் பந்தை உதைக்கிறார். அவருடைய அணியைச் சேர்ந்த பத்துப் பேர் பந்தின் பின்னால் முழு வேகத்தில் ஓடுகிறார்கள். எதிரணிக்காரர் ஒருவர் பந்தைப் பிடித்து அவர்களை நோக்கியே ஓடி வருகிறார். ஆட்டத்தின் மற்ற நேரங்களில் இரு அணிகளும் பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்தில் நின்று மோதுகின்றன. கிக்ஆஃபிலோ 40, 50 கெஜம் ஓடிச் சேர்த்த வேகம் அத்தனையும் ஒரே மோதலில் இறங்குகிறது.

எரிக் லெக்ராண்ட் என்ற பெயரை எங்கள் தொழிலில் உள்ள யாரும் மறக்கமாட்டார்கள். ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணியின் தடுப்பாட்டக்காரர். 2010 அக்டோபர் 16 அன்று அமெரிக்க ராணுவக் கல்லூரியின் ஆர்மி அணிக்கு எதிரான ஆட்டத்தில், கிக்ஆஃப் ஒன்றில் ஓடிப்போய்ப் பந்து வைத்திருந்தவரை மடக்கியபோது கழுத்தெலும்பு முறிந்தது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. அப்போது அவருக்கு வயது 20. அன்றைய ரட்கர்ஸ் தலைமைப் பயிற்சியாளர் கிரெக் ஷியானோ, கிக்ஆஃப் என்பதையே எடுத்துவிட்டு வேறு முறை வைக்கலாம் என்று பிறகு யோசனை சொன்னார். ஸ்பெஷல் டீம்ஸை உயிராக மதித்த ஒருவரே அப்படிச் சொன்னது என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது.

கழுத்து எப்படி முறிகிறது? நிமிர்ந்து பார்க்கும்போது கழுத்தின் ஏழு எலும்புகளும் நேர்க்கோட்டில் இருப்பதில்லை. லேசான ஒரு வளைவு இருக்கும். அடி விழுந்தால் அந்த வளைவும் சுற்றியுள்ள தசைகளும் ஸ்பிரிங் போல வாங்கிக்கொள்ளும். தலையைச் சுமார் 30 டிகிரி குனிந்தால் போதும், வளைவு மறைந்து எலும்புகள் தூண் போல நேராகிவிடும். அந்த நிலையில் ஹெல்மெட்டின் உச்சி எதிராளியின் மேல் மோதினால் தலை நின்றுவிடும். பின்னால் வரும் உடல் நிற்காது. இரண்டுக்கும் நடுவில் கழுத்து நசுங்கும். ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும், கழுத்தைக் காக்காது. அதனால்தான் ஹெல்மெட்டால் குத்துவது 1976-லேயே பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் தடை செய்யப்பட்டது. ஆனால் களைத்துப்போனவனின் தலை தானாகவே தொங்கும். மோதப்போகும் கணத்தில் பயந்தாலும் தொங்கும். விதிப்புத்தகம் அதை நிமிர்த்தாது, பழக்கம்தான் நிமிர்த்தும்.

விதிகளும் தம் பங்குக்கு உதவியிருக்கின்றன. 2012-இல் கல்லூரி ஆட்டங்களில் உதைக்கும் இடத்தை 30-ஆம் கெஜக் கோட்டிலிருந்து 35-க்கு முன்னகர்த்தினார்கள். ஐவி லீகின் எட்டுப் பல்கலைக்கழகங்கள் 2016-இல் தங்களுக்குள் அதை 40-க்குக் கொண்டுபோயின. முன்பைவிட அடிக்கடி பந்து களத்தின் கடைசியில் இருக்கும் எல்லைப் பகுதிக்குள் போய் விழ, அப்போதெல்லாம் திரும்பி ஓடும் வேலையே இல்லாமல் போனது. அதற்கு முன் 1,000 கிக்ஆஃபுகளுக்குச் சுமார் 11 என்று இருந்த மூளை அதிர்ச்சிக் காயங்கள் சுமார் 2 ஆகக் குறைந்தன. ஐந்தே கெஜம்! இந்தக் கணக்கை முதன்முதலில் படித்த அன்று நான் இரவு வெகுநேரம் தூங்கவில்லை.

எங்கள் களத்தில் மாற்றம் கொண்டுவந்தவர் புதிதாக வந்த தலைமைப் பயிற்சியாளர். வந்த முதல் வாரமே ஸ்பெஷல் டீம்ஸ் கூட்டத்தை நாளின் முதல் கூட்டமாக்கினார். அதைத் தானே நடத்தினார். பயிற்சியில் அதற்கு 20 நிமிடம் ஒதுக்கினார், அதுவும் கால்கள் களைப்பதற்கு முன்னால். முன்னணி ஆட்டக்காரர்களும் கிக்ஆஃப் ஓட வேண்டும் என்றார். வர்ஜீனியா டெக்கில் 1987 முதல் 2015 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஃபிராங்க் பீமர் இதற்குப் பெயர்போனவர். ஸ்பெஷல் டீம்ஸ் வேலையில் அவரே நேரடியாக இறங்குவார், சிறந்த ஆட்டக்காரர்களை அதில் நிறுத்துவார். எங்கள் பயிற்சியாளருக்கும் ஆட்டத்தை வெல்வதுதான் நோக்கம், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தால் வெற்றியும் கழுத்தும் சேர்ந்தே காப்பாற்றப்படுகின்றன என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஒரு காலை நடந்ததைச் சொல்கிறேன். உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்ந்த முதலாண்டு மாணவன் அவன். பள்ளியில் பந்து பிடிக்கும் இடத்தில் ஆடியவன், யாரையும் மடக்கிப் பழக்கமில்லை. எப்படியாவது பயிற்சியாளரின் கண்ணில் பட வேண்டும் என்று முந்தின நாள் பயிற்சியில் பாய்ந்து மோதியிருந்தான். கூட்டத்தில் அந்தக் காட்சி திரையில் ஓடியதும் மற்ற பையன்கள் கைதட்டினார்கள். தலைமைப் பயிற்சியாளர் படத்தை நிறுத்தினார். மோதலுக்கு ஒரு நொடி முன்பு. "திரையில் என்ன தெரிகிறது?" என்று அவனிடம் கேட்டார். அவன் விழித்தான். "உன் ஹெல்மெட்டின் உச்சி தெரிகிறது. எனக்கு உன் முகம் தெரிய வேண்டும்." கைதட்டல் நின்றுபோனது. அன்று மாலை அவனை மட்டும் அழைத்து, பாதி வேகத்தில், மெத்தை மேல், தோள் முதலில் படும்படி திரும்பத் திரும்ப மோதவிட்டார். கண் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒரு தலைமைப் பயிற்சியாளர் வாரத்தின் நடுவில் ஆட்டமே கிடைக்காத ஒரு மாணவனுக்கு அரை மணி நேரம் செலவழித்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்தப் பருவம் முழுவதும் காயமே இல்லை என்று சொல்லமாட்டேன். தசைப்பிடிப்பு, தோள்பட்டை நழுவல் எல்லாம் இருந்தன. ஆனால் கடைசிப் பத்து நிமிடத்தில் ஐஸ் பெட்டி காலியாவது நின்றுவிட்டது.

ஆகவே பெற்றோர்களே, பள்ளியோ கல்லூரியோ, பிள்ளையைச் சேர்க்கும்போது பயிற்சியாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். கிக்ஆஃப் பயிற்சி எந்த நேரத்தில் நடக்கிறது? யார் நடத்துகிறார்? மடக்கும் முறையைக் கற்றுக்கொடுத்த பிறகுதான் என் மகனை ஓடவிடுவீர்களா? ஆட்ட நாளில் ஆம்புலன்ஸ் நிற்குமா? நல்ல பயிற்சியாளர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். நான் அறிந்தவரை சந்தோஷப்படுவார்.

இன்னொன்றும் உண்டு. யாராவது விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கி உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளிப்பது நம் ஊர்ப் பழக்கம். இந்த ஆட்டத்தில் அதைச் செய்யவே கூடாது. ஹெல்மெட்டையும் கழற்றக் கூடாது. தோள் கவசம் போட்டுப் படுத்திருப்பவனின் ஹெல்மெட்டை மட்டும் கழற்றினால் தலை பின்னால் சரிந்து கழுத்து மடங்கும். மூச்சு பார்க்க வேண்டியிருந்தால் முகக் கம்பியை மட்டும் எடுப்போம்.

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை இரவு, நான் தொண்டு வேலைக்குப் போகும் ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஆட்டத்தில், கிக்ஆஃபுக்குப் பின் ஒரு பையன் எழுந்திருக்கவில்லை. நம் ஊர்ப் பையன். நான் அவன் தலைப்பக்கம் மண்டியிட்டு, ஹெல்மெட்டை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டேன். விரல்கள் மரத்துப்போயிருக்கின்றன என்றான். அதற்குள் அவன் அம்மா தடுப்பைத் தாண்டி ஓடி வந்துவிட்டார், கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு. பக்கவாட்டில் நின்று அவன் பெயரைச் சொல்லி அழைத்தார். குரல் வந்த பக்கம் அவன் தலை திரும்பப் பார்ப்பதை என் உள்ளங்கைகளில் உணர்ந்தேன். "அம்மா, தண்ணீர் வேண்டாம். அவன் கால் பக்கமாகப் போய், கண்ணுக்கு நேரே உட்காருங்கள். தலையைத் திருப்பாமலே அவன் உங்களைப் பார்க்கட்டும்" என்றேன். அவர் பாட்டிலைப் புல்லில் வைத்துவிட்டு, சேலையைச் சுருட்டிக்கொண்டு அவன் முழங்கால் அருகே மண்டியிட்டார். பையனின் கண்கள் அவர் முகத்தில் போய் நின்றன. ஆம்புலன்ஸ் ஆட்கள் பலகையோடு வந்து சேரும் வரை என் கைகளுக்குள் அவன் தலை அசையவில்லை. நல்லவேளை, நரம்பு இழுபட்டதோடு போயிற்று. மறுநாள் காலை விரல்களில் உணர்ச்சி திரும்பிவிட்டது என்று அந்த அம்மா தொலைபேசியில் சொன்னார்.