பால் டின்ல மாவு அளந்தா காத்தும் சேந்துதான் வருது

தீபாவளிக்கு முறுக்கு சுடணும்னு கோலாலம்பூர்ல இருக்கற அக்கா பினாங்குல இருக்கற எங்களுக்கு போன் பண்ணி அளவு கேட்டா, அம்மா கணக்கு எப்பவும் காலி கெட்டிப்பால் டின்தான், நாலு டின் அரிசி மாவு, ஒரு டின் உளுந்து மாவு, பட்டர் மட்டும் 100 கிராம். அக்கா வீட்ல டின் இல்ல, தராசுதான் இருக்கு, நான் டின்ன திருப்பிப் பாத்து 500 கிராம்னு போட்டிருக்கு, அப்போ அரிசி மாவு ரெண்டு கிலோ, உளுந்து அரை கிலோன்னு சொல்லிட்டேன். முறுக்கு கல்லு மாதிரி வந்துச்சு, அத்தானால கடிக்கவே முடியல, எனக்கு ரொம்ப சங்கடமா போச்சு.

அந்த 500 கிராம் உள்ள இருந்த கெட்டிப்பாலோட எடை, டின் எவ்ளோ பிடிக்கும்ங்கறது வேற. கெட்டிப்பால்ல பாதிக்கு கிட்ட சீனிதான், அதனால தண்ணிய விட கனம், ஒரு மில்லிக்கு சுமார் 1.3 கிராம். 500ஐ 1.3ஆல வகுத்தா 385 மில்லி வருது. டின்ல தண்ணி ஊத்தி தராசுல வச்சுப் பாத்தேன், 380 கிராம், தண்ணிக்கு ஒரு மில்லி ஒரு கிராம்ங்கறதால கணக்கு சரியாத்தான் இருக்கு.

பள்ளிக்கூடத்துல நிறுத்தல் அளவை, முகத்தல் அளவைன்னு தனித்தனியா படிச்சோம்ல, ரெண்டுக்கும் நடுவுல நிக்கறது அடர்த்தி, அது சாமானுக்கு சாமான் மாறும். எண்ணெய் மில்லிக்கு 0.92, தேன் 1.4, இதெல்லாம் சுலபம். அரிசி, மாவு வந்தாதான் சிக்கல், ஏன்னா மணிக்கு மணி நடுவுல காத்து இருக்கு. ஒரு டம்ளர் அரிசிய தலைதட்டி வச்சு விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்திப் பாருங்க, டம்ளர்ல நாப்பது சதவீதத்துக்கு மேலயே தண்ணி இறங்கும், அவ்ளோவும் காத்து இருந்த இடம்.

மாவுல இன்னும் அதிகம். துகள் சைஸ் பாதியானா எடை எட்டுல ஒரு பங்கா குறையுது, ஆனா பக்கத்து துகளோட ஒட்டிக்கற விசை கிட்டத்தட்ட பாதிதான் குறையுது, அதனால பொடி ஆக ஆக ஒட்டறதுதான் ஜெயிக்குது, துகள் வழுக்கி கீழ இறங்காம ஒண்ணு மேல ஒண்ணு தாங்கிக்கிட்டு நடுவுல குகை குகையா காத்த பிடிச்சு வச்சுக்குது. சலிச்சா குகை கூடும், தட்டினா இடிஞ்சு விழும். சீனி பெருசா இருக்கறதால அப்படி நிக்க முடியாது, தானா உருண்டு அடங்கிடும், அதான் சீனிய கப்புல அளந்தாலும் அவ்ளோ வித்தியாசம் வராது.

அரிசி மாவ சலிச்சு டின்ல போட்டு நிறுத்தேன், 195 கிராம். நல்லா தட்டி அமுக்கினா 270. அதே டின், அதே மாவு! அம்மாவ அளக்க சொன்னேன், அவங்க ரெண்டே தட்டு தட்டி கத்தி முதுகால வழிச்சாங்க, மூணு வாட்டியும் 235 கிராம் பக்கத்துலயே நின்னுச்சு. அந்த கை மேல எனக்கு அவ்ளோ மரியாதை வந்துச்சு.

கப்புன்னு சொன்னாலும் எந்த கப்புன்னு கேக்கணும், அமெரிக்கா கப்பு 237 மில்லி, மெட்ரிக் கப்பு 250, ரைஸ் குக்கரோட வர்றது 180தான். நம்ம மலேசியாவோட பழைய அளவுல காந்தாங் 4.5 லிட்டர் சொச்சம், அது முகக்கறது, காத்தி 600 கிராம் சொச்சம், அது நிறுக்கறது, ரெண்டையும் நேரா மாத்தவே முடியாது, என்ன சாமான்னு தெரியணும்.

முறுக்கு ஏன் கல்லாச்சுன்னும் இப்ப புரிஞ்சுச்சு. நாலு டின்னுன்னா 940 கிராம், அக்கா போட்டது ரெண்டு கிலோ, பட்டர் அதே 100 கிராம். மாவு துகள கொழுப்பு பூசி இறுகாம வைக்கறதுதான் பட்டரோட வேலை, பாதி கூட கிடைக்கல. உளுந்து மாவையும் அம்மா கையாலயே அளந்து நிறுத்து அக்காவுக்கு அனுப்பினேன். மறுபடி சுட்டா, போன்லயே மொறுமொறுன்னு உடையற சத்தம் கேட்டுச்சு.