திரிஃப்ட்: கடற்செழிபூ

கடலோரப் பாறை இடுக்குகளில் புல்மெத்தை போலப் படர்ந்து, இளஞ்சிவப்புப் பூவுருண்டைகளைத் தாங்கும் ஆர்மீரியா மாரிட்டிமா என்னும் பல்லாண்டுச் செடிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் 'திரிஃப்ட்'. இச்சொல்லுக்கு இன்று சிக்கனம் என்று பொருள் கொள்வதால் 'சிக்கனப்பூ' என்று பெயர்த்துவிடத் தோன்றலாம், அது பிழையாகும். ஸ்காண்டிநேவியாவின் பண்டைய மொழியான பழைய நோர்ஸில் செழித்தலைக் குறித்த வினையிலிருந்து பிறந்த இச்சொல், முதலில் செழிப்பையும் வளத்தையுமே சுட்டியது. சேமிப்பு என்னும் பொருள் பின்னர் ஏறியது. 1937 முதல் பிரிட்டனில் வெளிவந்த, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பன்னிரு பக்க மூன்று பென்னி நாணயத்தில் இச்செடி இடம்பெற்றபோது, செடியின் பெயரும் சிறுசேமிப்பும் ஒரே சொல்லில் சிலேடையாக இணைந்தன.

செழித்தல் என்ற மூலப்பொருளே இதன் இயல்புக்கு இசைந்தது. உப்புக்காற்றையும் கடும் குளிரையும் தாங்குவதோடு, ஈயமும் செம்பும் மிகுந்த சுரங்கக் கழிவு மண்ணிலும் இது வேர்கொள்ளும். உறிஞ்சிய உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியேற்றிவிடும். ஆகவே தோட்டத்தில் இதற்கு வளமான மண்ணும் தாராளமான உரமும் வேண்டியதில்லை. அவற்றால் இலை தழைத்துப் பூக் குறையும். முழு வெயிலும், மணலோ சரளையோ கலந்து நீர் விரைவில் வடியும் மண்ணும் இருந்தால் போதும். வேரடியில் ஈரம் தேங்கினால்தான் செடி அழுகும். வாடிய பூத்தண்டுகளை நீக்கிவர வேண்டும். நடுப்பகுதி காய்ந்து வழுக்கை விழுந்த பழைய தூர்களைப் பிரித்துப் புதிதாக நட வேண்டும்.

தாவரவியல் பெயரில் 'மாரிட்டிமா' என்பது கடல்சார்ந்தது எனப் பொருள்படும் லத்தீன் சொல். 'ஆர்மீரியா'வோ கார்னேஷன் இனத்துச் செடியொன்றின் பழைய பிரெஞ்சுப் பெயரிலிருந்து வந்தது. இவ்விரு செடிகளுக்கும் நெருங்கிய உறவில்லை, பூவின் தோற்றமே ஒப்பு. திரிஃப்டின் நெருங்கிய உறவு நாமறிந்த கொடிவேலியோடுதான்: இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தாவரங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1753-இல் இதை 'ஸ்டாட்டிஸ்' பேரினத்தில் வைத்திருந்தார். இன்று பூ வணிகத்தில் அப்பெயர் லிமோனியம் என்னும் வேறு செடியைக் குறிப்பதால், விதை வாங்குவோர் தாவரவியல் பெயரைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

தமிழில் இதற்குக் 'கடற்செழிபூ' என்பதை நான் பரிந்துரைப்பேன். 'செழிபூ' வினைத்தொகை, செழித்த, செழிக்கின்ற, செழிக்கும் என முக்காலத்தையும் உள்ளடக்குவதால் பல்லாண்டுச் செடிக்கு நன்கு பொருந்துகிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாதாகையால் 'செழிப்பூ' என்று எழுதுவது தவறு. அவ்வாறு எழுதினால் 'செழிப்பு' என்பதன் அச்சுப்பிழையாகவும் படிக்கப்பட்டுவிடும்.