மரபணு மாற்றப் பயிரின் ஓரத்தில் சாதாரணப் பயிர் எதற்கு?

மரபணு மாற்றப் பயிர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் வாசகர்களிடமிருந்து ஏறத்தாழ ஒரே கேள்விதான் வருகிறது: அந்த உணவை உண்டால் அயல் உயிரின் மரபணு நம் உடலுக்குள் புகுந்துவிடாதா? அண்மையில் எழுதிய வாசகர் ஒருவர் இதனோடு இன்னொன்றையும் கேட்டிருந்தார். உண்பதால் தீங்கு இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், இந்தப் பயிர்களுக்கு வேறு குறையே கிடையாதா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி. முதற்கேள்விக்குச் சுருக்கமான விடையே போதும். இரண்டாவதற்கான விடை நீளமானது. இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்றும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

நாம் உண்ணும் கீரையிலும் தானியத்திலும் மீனிலும் அந்தந்த உயிரின் மரபணுக்கள் எல்லாமே இருக்கின்றன. செரிமானப் பாதையின் நொதிகள் அவற்றைத் துண்டு துண்டாக அறுத்துவிடுகின்றன. மண் பாக்டீரியாவிலிருந்து வந்த மரபணு என்பதற்காக அதை மட்டும் விட்டுவைப்பதில்லை. ஆகவே, புதிதாகச் சேர்ந்த மரபணுவைக் காட்டிலும் அதைக் கொண்டு செடி உண்டாக்கும் புதிய புரதத்தைப் பற்றிக் கவலைப்படுவதே பொருத்தமானது. அந்தக் கவலைக்கு உண்மையான அடிப்படையும் உண்டு. சோயா விதையில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு என்பதால், அது மிகுதியாக உள்ள பிரேசில் கொட்டையின் புரதம் ஒன்றை உண்டாக்கும் மரபணுவைச் சோயாவுக்குள் செலுத்தினார்கள். பிரேசில் கொட்டை ஒவ்வாதவர்களின் குருதி நீரைக்கொண்டு சோதித்தபோது, அந்தக் குறிப்பிட்ட புரதமே ஒவ்வாமையைத் தூண்டுவது என்று தெரியவந்தது. முடிவுகள் 1996-இல் வெளியாயின. அந்தச் சோயா சந்தைக்கு வரவேயில்லை. கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்த 'ஸ்டார்லிங்க்' என்ற மரபணு மாற்ற மக்காச்சோளம் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மனிதர் உண்ணும் பண்டங்களில் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, அப்பண்டங்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. ஒவ்வாமை என்று புகார் கூறியவர்களின் குருதியைச் சோதித்ததில் அம்மக்காச்சோளத்தின் புதிய புரதத்துக்கு எதிரான அறிகுறி எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அறுவடைக்குப் பின் தானியத்தைத் தனித்தனியே பிரித்து வைக்க முடியும் என்ற நம்பிக்கை அன்றோடு தகர்ந்தது.

அதே வேளையில், அச்சத்தை மட்டுமே விதைத்த ஆய்வுகளும் உண்டு. மரபணு மாற்ற மக்காச்சோளத்தை உண்ட எலிகளுக்குப் பெரிய கட்டிகள் வந்ததாகக் கூறிய 2012-ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆய்வின் படங்கள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வயதானால் தாமாகவே கட்டிகள் தோன்றும் எலி வகை அது. ஒரு குழுவுக்குப் பத்து எலிகள் மட்டுமே இருந்தன. கட்டுரையை வெளியிட்ட இதழே 2013-இல் அதைத் திரும்பப் பெற்றது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2016-இல் வெளியிட்ட விரிவான அறிக்கை, சந்தையில் உள்ள மரபணு மாற்ற உணவுகள் மற்ற உணவுகளைவிட உடலுக்குக் கூடுதல் ஆபத்தை விளைவிப்பதற்குச் சான்று இல்லை என்று முடிவு கூறியது. கட்டி வந்த எலியின் படத்தைப் பகிர்வோரை நான் குறை கூறக் காரணம் அறியாமை மட்டுமன்று. அப்படம் எல்லோருடைய கவனத்தையும் தட்டின் மேலேயே நிறுத்திவிட, வயலில் நடப்பதைக் கவனிப்பார் இல்லாமல் போகிறது.

வயலில் நடப்பது பரிணாமம். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி, தாவரங்கள் சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கப் பயன்படுத்தும் நொதி ஒன்றை முடக்குகிறது. இக்கொல்லிக்கு மசியாத பாக்டீரிய நொதியைப் பெற்ற சோயா 1996-இல் அமெரிக்காவில் பரவலாகப் பயிராகத் தொடங்கியது. அதன்பின் பரந்த நிலங்களில் ஆண்டுதோறும் ஒரே மருந்து தெளிக்கப்பட்டது. 2005-இல் ஜார்ஜியா மாநிலப் பருத்தி வயல்களில் அம்மருந்துக்குச் சாகாத 'பால்மர் அமராந்த்' என்ற களை கண்டறியப்பட்டது. அக்களை நொதியை மாற்றிக்கொள்ளவில்லை. அந்த நொதிக்கான மரபணுவையே பெருக்கிக்கொண்டிருந்தது. சில செடிகளில் அம்மரபணுவுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட படிகள், அதாவது நகல்கள், இருந்தன. தெளிக்கப்பட்ட மருந்தால் முடக்க முடியாத அளவுக்கு நொதி சுரந்தது. மகரந்தத்தின் வழியாக மரபணு தப்பிச் செல்வதும் கற்பனை அன்று. ஓரிகன் மாநிலத்தில் சோதனைக்காகப் பயிரிட்ட மரபணு மாற்றப் புல் ஒன்றின் மகரந்தம் 21 கிலோமீட்டர் தொலைவு வரை சென்று சூல்கொள்ளச் செய்ததை 2004-இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

இனி நான் நின்று சொல்ல விரும்பும் பகுதிக்கு வருகிறேன். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், சுருக்கமாகப் பி.டி., என்ற மண் பாக்டீரியா 'கிரை' எனப்படும் புரதப் படிகங்களை உண்டாக்குகிறது. புழு அதை உண்டால், காரத்தன்மை மிக்க அதன் நடுக்குடலில் படிகம் கரைகிறது. நொதிகள் அதை வெட்டிச் செயல்படும் வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. அப்புரதம் குடற்செல்களின் மேலுள்ள கேட்ஹெரின் முதலான ஏற்பிகளை, அதாவது பிற மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ள இடந்தரும் புரதங்களை, பற்றிக்கொண்டு செல்சவ்வில் துளையிடுகிறது. குடல் சிதைந்து புழு இறக்கிறது. நம் இரைப்பையில் அமிலம் மிகுதி, நம் குடலில் அந்த ஏற்பிகளும் இல்லை. எனவே அப்புரதம் நமக்கு மற்றொரு புரதமாகச் செரித்துவிடுகிறது. பாக்டீரியாவைத் தூளாக்கித் தெளிக்கும் வழக்கம் 1930-களின் இறுதியிலேயே பிரான்சில் தொடங்கியது. இயற்கை வேளாண்மை செய்வோர் இன்றும் நம்பியிருக்கும் மருந்து இது. மரபணு மாற்றத்தால் செடியே அதை நாள்தோறும் சுரக்கத் தொடங்கியதும், அந்நச்சுக்குச் சாகாத புழுக்களுக்கு மட்டும் திடீரென்று போட்டியில்லாத உலகம் திறந்தது.

சாகாத புழு எங்கிருந்து வருகிறது? நஞ்சைத் தின்று பழகியதால் அன்று. ஏற்பியின் மரபணு சிதைந்த ஓரிரு புழுக்கள், பயிர் விதைக்கப்படுவதற்கு முன்பே கூட்டத்தில் இருக்கின்றன. ஏற்பி பழுதுபட்டால் நஞ்சுக்குப் பற்றிக்கொள்ள இடம் கிடைக்காது. ஆனால் ஒவ்வொரு புழுவிடமும் அந்த மரபணு இரண்டு படிகள் உண்டு. ஒரு படி பழுதாகி மற்றொன்று நன்றாக இருந்தால், நல்ல படி ஏற்பியைத் தயாரித்துவிடும், நஞ்சும் பற்றிக்கொள்ளும், புழு சாகும். தப்பிக்க வேண்டுமானால் இரண்டு படிகளும் பழுதாகியிருக்க வேண்டும். பள்ளியில் படித்த ஒடுங்கு பண்பு இதுதான்; புழுவிடம் இருக்கும் நல்ல மரபணுவே அதற்கு எமனாகிறது என்பதை நினைக்கும்தோறும் வியப்பாக இருக்கிறது.

எண்களோடு பார்த்தால் இன்னும் சுவையானது. கூட்டத்தில் ஆயிரம் படிகளுக்கு ஒன்று பழுதானது என்று கொள்வோம். பத்து லட்சம் புழுக்களில் இரண்டு படிகளும் பழுதானது ஒன்றே ஒன்று, ஒரு படி மட்டும் பழுதானவை ஏறத்தாழ 2000, மற்றவை இயல்பானவை. எல்லாம் பி.டி. செடிகளாக உள்ள வயலில் நஞ்சு குறைந்த அளவில் இருந்து, ஒரு படி பழுதான புழுக்களும் பிழைத்துக்கொண்டால், உயிரோடு எஞ்சும் புழுக்களில் பழுதான படியின் பங்கு ஆயிரத்தில் ஒன்றிலிருந்து ஒரே தலைமுறையில் பாதியாகிவிடுகிறது. அடுத்த தலைமுறையில் நான்கில் ஒரு புழு நஞ்சுக்கு அசையாது. இதைத் தடுக்கவே இரண்டு நிபந்தனைகள் வகுக்கப்பட்டன. முதலாவது, ஒரு படி பழுதான புழுக்களும் தப்ப முடியாத அளவுக்குச் செடியில் நஞ்சு மிகுந்திருக்க வேண்டும். இரண்டாவது, அருகிலேயே மரபணு மாற்றம் செய்யாத சாதாரணப் பயிரை விதைத்து, அதில் புழுக்களைத் தாராளமாக வளரவிட வேண்டும்.

பூச்சியை ஒழிக்க வந்த தொழில்நுட்பத்துக்குப் பூச்சி வளர்க்கும் நிலம் எதற்கு என்று தோன்றலாம். மேற்கண்ட வயலில் நஞ்சும் மிகுந்து, ஓரத்தில் சாதாரணப் பயிரும் இருந்து, அதில் அதே கூட்டத்தின் புழுக்கள் 50,000 அந்துப்பூச்சிகளாக வளர்ந்தன என்று கொள்வோம்; அவற்றிலும் ஆயிரம் படிகளுக்கு ஒன்று பழுதானது. பி.டி. பகுதியிலிருந்து தப்பி வரும் ஒற்றைப் பூச்சிக்குத் தன்னைப் போன்ற துணை கிடைக்க வாய்ப்பே இல்லை. ஓரத்திலிருந்து பறந்து வரும் இயல்பான பூச்சியோடுதான் அது கூடும். பிறக்கும் குஞ்சுகள் ஏறத்தாழ எல்லாம் ஒரு படி மட்டும் பழுதானவை. அவை பி.டி. செடியைத் தின்றால் சாகும். பழுதான மரபணு கடலில் கரைத்த பெருங்காயம் ஆகிறது: பிழைத்த பூச்சிகள் அனைத்திலும் அதன் பங்கு ஆயிரத்துக்கு 1 என்பதிலிருந்து 1.02 ஆகிறது, அவ்வளவுதான். அரை பங்குக்குத் தாவியதையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தச் சாதாரணப் பயிருக்குப் புகலிடப் பயிர் என்று பெயர். அது அருகில் இருக்க வேண்டும், ஒரே காலத்தில் பூக்கவும் வேண்டும்; இல்லையேல் பூச்சிகள் சந்தித்துக்கொள்ள மாட்டா.

இது தாளில் மட்டும் அழகான கணக்கு அன்று. அரிசோனாவில் 1996 முதல் பி.டி. பருத்தியோடு புகலிடப் பருத்தியும் தவறாமல் விதைக்கப்பட்டது. பத்தாண்டுகளாக இளஞ்சிவப்புக் காய்ப்புழுவிடம் எதிர்ப்பு பெருகவில்லை. 2006 முதல் புகலிடத்துக்குப் பதிலாக மலடாக்கப்பட்ட அந்துப்பூச்சிகளை விமானங்களிலிருந்து கோடிக்கணக்கில் விடுவித்தார்கள்; 2018-இல் அமெரிக்காவின் பருத்தி நிலங்களில் இப்புழு அறவே ஒழிந்ததாக அரசு அறிவித்தது. அதே புழு, அதே மரபணு. இந்தியாவிலோ 2002-இல் அனுமதி பெற்ற ஒற்றை மரபணுப் பருத்திக்கு எதிரான எதிர்ப்பு குஜராத்தில் தோன்றியதாக 2010-இல் அறிவிக்கப்பட்டது. இரண்டு நச்சுகளைச் சுரக்கும் அடுத்த தலைமுறைப் பருத்தியையும் சில ஆண்டுகளிலேயே புழு வென்றது.

புகலிட விதை தனிப் பொட்டலமாகக் கொடுக்கப்பட்டும் பெரும்பாலும் விதைக்கப்படவில்லை என்பது பலரும் அறிந்த காரணம். அதிகம் பேசப்படாத காரணம் காய்க்குள் இருக்கிறது. இந்தியாவில் விற்கப்பட்டவை ஏறத்தாழ அனைத்தும் கலப்பின விதைகள், பி.டி. மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டுமே வருவதால் செடியில் அது ஒரு படியாகவே இருக்கும். மெண்டலின் விதிப்படி, அச்செடியின் காய்க்குள் உருவாகும் விதைகளில் நான்கில் ஒன்றில் நஞ்சே இருக்காது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு தின்பது இலையை அன்று, காய்க்குள்ளிருக்கும் விதைகளை. நஞ்சுள்ள விதை ஒன்று, இல்லாத விதை ஒன்று என்று மாற்றி மாற்றித் தின்னும் புழுவுக்குக் கிடைப்பது அரைகுறை அளவு. ஒரு படி பழுதான புழு பிழைப்பதற்கு ஏற்ற அளவு அதுதான். அதோடு, பயிர் முதிர முதிர நஞ்சின் அளவு குறையும். கலப்பினங்களோ நெடுநாள் வயலில் நிற்பவை. பல வகைச் செடிகளைத் தின்னும் பச்சைக் காய்ப்புழுவுக்குச் சுற்றியிருக்கும் மற்றப் பயிர்களே புகலிடமாக அமைந்தன. பருத்தியை விட்டால் வேறு உணவு ஏறத்தாழ இல்லாத இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

புழு வென்றபின் விவசாயி பூச்சிக்கொல்லித் தெளிப்பானை மீண்டும் எடுக்கிறார். மரபணுவுக்குக் கொடுத்த விலையும் விதை விலையோடு சேர்ந்தே இருந்தது. ஒரு பூச்சிக்காகத் தெளிப்பைக் குறைத்தால் மற்றொன்று தலைதூக்குவதும் உண்டு. சீனாவின் வடபகுதியில் பி.டி. பருத்தி பரவியபின் தெளிப்பு குறைந்து, முன்பு பொருட்படுத்தப்படாத மிரிட் நாவாய்ப் பூச்சிகள் பழமரங்கள் வரை பெருகியதை 2010-இல் வெளியான ஆய்வு விரிவாகக் காட்டியது.

இவற்றையெல்லாம் முன்கூட்டியே கண்டுபிடிக்க யாராவது வயலில் இருந்து புழுக்களைச் சேகரித்து ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலை அது; புதுமையான கட்டுரை எதுவும் அதிலிருந்து பிறக்காது, எனவே நிதியும் எளிதில் வராது. விற்கும் நிறுவனமே கண்காணிக்கட்டும் என்று விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மக்காச்சோளப் பூச்சிகளை ஆராயும் 26 அறிவியலாளர்கள் 2009-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு எழுதினார்கள்; விதை வாங்கும்போது ஏற்க வேண்டிய உரிம ஒப்பந்தங்கள் தற்சார்பான ஆய்வைத் தடுக்கின்றன என்பதே அவர்கள் புகார். ஆய்வுக்கு விதை கிடைக்காமல் போகும் என்று அஞ்சி, தங்கள் பெயர்களைக்கூட வெளியிடவில்லை. பாதுகாப்பை மெய்ப்பிக்க வேண்டியவர்கள் இப்படி அஞ்ச நேர்வதுதான், என் கருத்தில், மரபணுவைவிட ஆபத்தானது.

புகலிடத்தை விவசாயியின் விருப்பத்துக்கு விடாமல், சாதாரண விதைகளைப் பி.டி. விதைகளோடு ஒரே பையில் கலந்து விற்கும் முறை இப்போது பரவிவருகிறது. அமெரிக்காவில் மக்காச்சோளத்துக்கு 2010 முதல் இதற்கு அனுமதி உண்டு. விதைக்காமல் விடும் சிக்கல் இதனால் தீர்கிறது. ஆனால் புழு ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்கு நகரக்கூடியது. மக்காச்சோளத்தின் மகரந்தமும் காற்றில் பறந்து பக்கத்துச் சாதாரணச் செடியின் கதிரில் விழும். அக்கதிரில் உருவாகும் மணிகளில் சில நஞ்சுள்ளவை, சில இல்லாதவை. மணிகளைத் தின்னும் புழு வகைகளுக்கு, பருத்திக் காய்க்குள் கிடைத்த அதே அரைகுறை அளவு இங்கும் கிடைக்கிறது. எனவே இலையையும் தண்டையும் தின்னும் பூச்சிகளுக்குப் பையில் கலந்த புகலிடம் பொருத்தம், கதிரைத் தின்பவற்றுக்குத் தனியாக ஒதுக்கிய நிலமே பொருத்தம் என்பது பூச்சியியலாளர் பலரின் நிலைப்பாடு. ஒரே வயலில் இருவகைப் பூச்சிகளும் இருக்கையில் எந்த ஏற்பாட்டைத் தேர்வது என்பதில் இன்னும் வாதம் நடந்துகொண்டிருக்கிறது.