வரி காற்றுக்கா, சர்க்கரைக்கா?

உடல் பருமனுக்காக என்னிடம் அழைத்து வரப்படும் பிள்ளைகளின் தாய்மார்கள் பலரும் முதலிலேயே சொல்லிவிடுவது இதுதான்: "கலரெல்லாம் வாங்கித் தர்றதே இல்ல மேடம், ஜூஸ் மட்டுந்தான் குடிப்பான்." அண்மையில் அப்படிச் சொன்ன ஒருவரின் பையிலேயே அந்த ஜூஸ் இருந்தது, 160 மி.லி. மாம்பழ பானம், பத்து ரூபாய். 100 மி.லி.க்கு 13 கிராம் சர்க்கரை என்று பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததை அவரையே வாசிக்கச் சொல்லிவிட்டு, அந்தக் கணக்குக்குச் சர்க்கரையைத் தட்டில் அள்ளி வைத்தேன். தேக்கரண்டியால் நான்கு முறை அள்ளியும் சற்றுக் குறைந்தது. பையன் நாளொன்றுக்கு மூன்று குடிக்கிறான். பெரியவர்களே சேர்க்கப்படும் சர்க்கரையை 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் வரி விதிப்பும் அவரைப் போலத்தான் நினைக்கிறது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கேஸ் நிரப்பிய குளிர்பானங்களுக்கு 28 விழுக்காடும் அதன்மேல் 12 விழுக்காடு செஸ் என்ற கூடுதல் வரியும் விதிக்கப்பட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் அதுவே ஒரே 40 விழுக்காடாயிற்று. அதே நாளில், கேஸ் இல்லாத பழச்சாறு பானங்களின் வரி 12-லிருந்து 5 ஆகவும், பிஸ்கட், சாக்லேட் ஆகியவற்றின் வரி 18-லிருந்து 5 ஆகவும் இறங்கியது. பழச்சாற்றில் கேஸை ஏற்றினால் 40, ஏற்றாவிட்டால் 5. சர்க்கரையே சேர்க்காத கோலாவுக்கும் 40. அப்படியிருக்க, எந்த நிறுவனம் சர்க்கரையைக் குறைக்க மெனக்கெடும்?

பிரிட்டன் வேறு வழியில் சென்றது. 100 மி.லி.யில் 5 கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருந்தால் லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமைத் தொட்டால் 24 பென்ஸ், 5-க்குக் கீழே ஒன்றுமில்லை என்று 2016-இல் அறிவித்து, 2018 ஏப்ரலில்தான் வசூலிக்கத் தொடங்கியதால், இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் பல நிறுவனங்கள் தாமாகவே சர்க்கரையைக் குறைத்துக்கொண்டன. இத்தகைய வரியால் எடை குறைகிறதா என்பதற்கான சான்று, விற்பனை குறைகிறது என்பதற்கான சான்றைவிட வலுக்குறைந்ததே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். டென்மார்க் 2011-இல் கொழுப்புக்கு விதித்த வரியோ, மக்கள் எல்லை தாண்டிச் சென்று வெண்ணெய் வாங்கியதில், பதினைந்து மாதங்களில் கைவிடப்பட்டது. 2016-இல் கேரளம் பெயர்பெற்ற உணவகங்களின் பர்கர், பீட்சாவுக்கு விதித்த 14.5 விழுக்காடு வரியும் ஜி.எஸ்.டி.யுடன் மறைந்தது, புரோட்டாவை அது தொடவே இல்லை என்பது வேறு கதை.

சர்க்கரையின் அளவுக்கேற்ப வரி விதித்தால் ஏழைகள் தலையில்தான் சுமை விழும் என்ற எதிர்ப்பை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன், ஏனெனில் இளநீர் விற்கும் விலைக்குப் பத்து ரூபாய்ப் பாக்கெட்தான் பலருக்குக் கட்டுப்படியாகிறது. ஆனால் அந்தப் பத்து ரூபாய் என்ற விலையை நிறுவனங்கள் லேசில் விட்டுக்கொடுப்பதில்லை. செலவு ஏறினால் பாக்கெட்டின் அளவைத்தான் சுருக்குவார்கள். சர்க்கரைக் கிராமுக்கு வரி வந்து 160 மி.லி. பாக்கெட் 110 ஆகச் சுருங்கினால், என் தட்டில் ஒரு கரண்டிக்கு மேல் குறையும்.