தூக்கி உட்கார வைக்கிற கைக்கும் உதவித்தொகை உண்டு

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் ஒரு வீட்டுக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை மனு எழுதிக்கொடுக்கப் போயிருந்தேன். அக்கா மடியில் பீடித் தட்டு, பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய இலை. கட்டிலில் 20 வயது தாண்டிய மகன், தசைச்சிதைவு நோய். நான் இருந்த அரை மணி நேரத்தில் மூன்று தடவை தட்டை இறக்கி வைத்துவிட்டு எழுந்து போனார்: புரட்டிப் படுக்க வைக்க, தண்ணீர் கொடுக்க, முதுகு சொறிந்துவிட. எழும்பிப் போகிற நேரமெல்லாம் சுற்றாத பீடி, அதாவது வராத கூலி. "இதையெல்லாமா தம்பி மனுவுல எழுதுவாங்க?" என்று கேட்டார்.

இதைத்தான் எழுத வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பராமரிப்பவர் என்றால் பெற்றோரும் குடும்பத்தாரும் சேர்த்தி என்கிறது. பணம் வாங்கிச் செய்தாலும் சரி, வாங்காமல் செய்தாலும் சரி. அதிக உதவி தேவைப்படுபவர்களுக்குப் பராமரிப்பாளர் படி வழங்க 24-ஆம் பிரிவு சொல்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் உள்ளவர், தனக்கு அதிக உதவி வேண்டும் என்று 38-ஆம் பிரிவின்படி விண்ணப்பிக்கலாம். அவருக்காக வேறொருவரும் கேட்கலாம்.

தமிழ்நாட்டில் இது இரண்டு தொகையாக வருகிறது. ஒன்று பராமரிப்பு உதவித்தொகை. மாதம் 1,500 ரூபாயாக இருந்தது 2023 ஜனவரியிலிருந்து 2,000 ஆனது. கை, கால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 75 சதவீதம் ஊனம் இருக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு போன்றவற்றுக்கு 40 சதவீதம் போதும். வருவாய்த்துறையில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வாங்குகிறவர் இதையும் சேர்த்து வாங்க முடியாது.

இரண்டாவது, உதவியாளருக்கான 1,000 ரூபாய். பலருக்குத் தெரியாமல் போவது இதுதான். பராமரிப்பு உதவித்தொகை வாங்குகிறவர்களில், அடுத்தவர் துணையில்லாமல் அன்றாட வேலை எதுவும் முடியாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு 2,000-க்கு மேல் கூடுதலாகக் கிடைப்பது. ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்க இது காணாது, எனக்கும் அதில் வருத்தம்தான். அதற்காகக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் இருக்கும் சதவீதம் உடம்பின் குறையைச் சொல்லும். ராத்திரி எத்தனை தடவை எழும்புகிறீர்கள் என்பதைச் சொல்லாது. அதனால் மனுவோடு தனித்தாளில் ஒரு நாளை அப்படியே எழுதிக்கொடுங்கள். கழிப்பறைக்குத் தூக்கிப் போவது யார், குளிப்பாட்ட எத்தனை பேர் வேண்டும், சோறு ஊட்ட எவ்வளவு நேரம், படுக்கைப்புண் வராமல் இருக்க ராத்திரி எத்தனை தடவை திருப்பிப் போடுகிறீர்கள், படுத்திருப்பவர் துணியை அலசுவது யார். அந்த அக்கா சொல்லச்சொல்ல எழுதினேன், ஒரு பக்கம் போதவில்லை. "ஏதோ என்னால முடிஞ்சதைச் செய்யுதேன்" என்று டாக்டரிடம் அடக்கமாகச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

அடையாள அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் இவற்றின் நகலோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பதில் வரவில்லை என்றால் திருநெல்வேலி மாவட்டத்தார் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுத்து ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சங்கரன்கோவில், கடையநல்லூர் பக்கத்தார் இன்னும் பழக்கத்தில் திருநெல்வேலிக்கு பஸ் ஏறுகிறார்கள். 2019-இல் மாவட்டம் பிரிந்த பிறகு அவர்களுக்குத் தென்காசிதான்.

அப்புறம், அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வந்து செய்வார்கள். கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைக் கொடுங்கள். வருகிறவரிடம், இடுப்புப் பிடிக்காமல் ஆளைத் தூக்குவது எப்படி என்றும் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.